மாதிரியைவிட ஒசத்தி

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குப் புதுக் கட்டடம் திறந்தபோது பழைய ஆட்களையும் அழைத்திருந்தார்கள். வந்திருந்த பழைய ஆள் நான் ஒருத்திதான். சாப்பாடு முடிந்ததும், இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்கள் மூன்று பேர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அதில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், ரொம்ப நல்லாயிருக்குன்னு சொல்லி ஒரு சரக்கையே திருப்பி அனுப்புனது நீங்கதானாமா? நெசமாவா?"

நெசம்தான். ஆனால் அந்தக் கதை பல வாய் மாறி, நான் ஒரு நெசவாளியை அழவைத்தேன் என்றும், புதுச்சத்திரத்தில் ஒரு லாரி கவிழ்ந்தது என்றும் ஆகியிருந்தது. யாரும் அழவில்லை. லாரியும் கவிழவில்லை, கவிழப் பார்த்தது. நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

என் அப்பா சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவர். அம்மாவும் சில வருஷம் அதே வேலைக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்றுவரை வரவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் பதினோராவது வரை படித்தேன். பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த சிபாரிசில் ஜவுளித் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். எனக்கென்று கடைசி வரிசையில் தனி பெஞ்சு போட்டார்கள். அங்கிருந்தும் கரும்பலகை தெரிந்தது. தேறி வெளியே வந்ததும் அரசு ஜவுளிப் பரிசோதனைக் கூடத்தில் தற்காலிகப் பணி கிடைத்தது. அறுபதுகள் அப்போதுதான் ஆரம்பித்திருந்தன.

எங்கள் மேலதிகாரி வேதமூர்த்தி. ஒல்லியான ஆள், நின்றுகொண்டேதான் எல்லாவற்றையும் செய்வார். கோப்பு படிப்பதும் தயிர்சாதம் சாப்பிடுவதும் நின்றபடிதான். சோதனை அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார். பக்தி அல்ல, தூசி. நாங்கள் ஏதாவது சொன்னால் "அப்படியா?" என்பார். அந்த 'அப்படியா'வில் சந்தோஷமா சந்தேகமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. அடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பார்த்தீங்களா, நினைச்சீங்களா?" பார்த்தேன் என்றால், இன்னொரு ஆளைக் கூப்பிட்டு அதே சோதனையைச் செய்யச் சொல்வார். பிறகு தானே ஒருமுறை செய்வார். மூன்றும் ஒத்துப்போனால் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார். அவர் பாராட்டு அந்த மூக்குக்கண்ணாடி அசைவு வரைக்கும்தான். என் பெயரை ஒருநாளும் சுருக்கியதில்லை. எல்லாரும் 'மேரி' என்று கூப்பிடும்போது அவர் மட்டும் "ஆரோக்கியமேரி அம்மா" என்று முழுசாகக் கூப்பிடுவார். அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு.

ஒருநாள் பெங்களூரிலிருந்து சீனிவாசன் என்ற பொறியாளர் ஒரு பெட்டியோடு வந்தார். விமானத் தொழிற்சாலையில் வேலை. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"சின்ன சண்டை விமானம் ஒண்ணு செய்யறோம் சார். ஒரே விமானம், மூணு வேலை. வானத்துல சண்டை போடணும், கீழ குண்டு போடணும், தேவைப்பட்டா படம் எடுத்துட்டுத் திரும்பணும். ஒரு திருகாணியக்கூட எடைபோட்டுத்தான் உள்ள விடறோம்."

"அப்படியா?" என்றார் வேதமூர்த்தி.

எடையைக் குறைக்கச் சக்கரத்தைச் சின்னதாக்கியிருந்தார்கள். சக்கரம் சின்னது என்றால் பிரேக்கும் சின்னது. ஓடுபாதையோ நீளம் போதாது. அதனால் தரையைத் தொட்டதும் வாலிலிருந்து ஒரு பாராசூட் விரிந்து, காற்றைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். நாங்கள் அதை வால் குடை என்றோம். அதுவரை வெளிநாட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் கப்பலுக்குக் காத்திருக்க முடியாது, துணியை இங்கேயே நெய்துவிடலாம் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. நைலான் நூலை விமானத் தொழிற்சாலையே தரும். நெய்ய ஆள் பிடிப்பதும், நெய்த துணியைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதும் எங்கள் வேலை. வேதமூர்த்தி அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. எனக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பார் என்பதுதான் அப்போது என் எண்ணம்.

சோதனைகளில் இரண்டு முக்கியம். ஒன்று, துணி எவ்வளவு இழுவைக்குத் தாங்கும் என்பது. இது யாருக்கும் புரியும். இன்னொன்று, துணி வழியாக எவ்வளவு காற்று புகுந்து போகும் என்பது. இதைச் சொன்னால் எங்கள் அலுவலகத்திலேயே சிரித்தவர்கள் உண்டு. காற்றைப் பிடிக்கத்தானே குடை, அதில் ஏன் காற்று போக வேண்டும் என்பார்கள். போகத்தான் வேண்டும். பிடித்த காற்றில் கொஞ்சம் துணி வழியே கசிந்து போனால்தான் குடை நிதானமாக நிற்கும். கசிய வழியில்லாவிட்டால் விளிம்பு வழியாக ஒருபக்கம் கொட்டும். குடை மறுபக்கம் சாயும். பிறகு அந்தப் பக்கம் கொட்டும். அதனால் இந்தச் சோதனைக்கு மட்டும் கீழ் வரம்பு, மேல் வரம்பு என்று இரண்டு இருந்தன.

துணி வந்த உடனே சோதிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க எங்கள் அறையில் தொங்க வேண்டும். அறையில் ஈரப்பதம் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதற்காக ஜன்னல்களில் நனைத்த கோணிச்சாக்கு. சேலத்துச் சித்திரையில் சாக்கை நனைப்பதே ஒரு ஆளுக்கு முழுநேர வேலை. சோதிக்கும்போது மின்விசிறி கூடாது, கதவைத் தாழ்போட வேண்டும், டீக்காரர் தட்டினாலும் திறக்கக் கூடாது. துணியைச் சுருக்கமில்லாமல், அதே சமயம் இழுக்காமலும் இரும்பு வளையத்தில் பொருத்த வேண்டும். வால்வை மெல்லத் திறந்தால், சாய்ந்த கண்ணாடிக் குழாயில் சிவப்புத் தண்ணீர் ஏறும். அது கோட்டைத் தொட்டு நிற்கும்போது, பக்கத்துக் குழாயில் மிதவை எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கண் மிதவையின் மட்டத்துக்கு வர வேண்டும். அதற்காக நான் முழங்காலில் நிற்பேன். இப்படித் துணியில் பத்து இடம். ஓரத்தில் கூடாது, ஒரே இழையில் இரண்டு இடம் கூடாது.

நெய்ய ஆள் கிடைப்பது சிரமமாக இருந்தது. ஜலகண்டாபுரத்தில் மூன்று பேர் அளவைக் கேட்டுவிட்டு, இவ்வளவு லேசான துணியை நெய்தால் கடைக்குப் பேர் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டார்கள். நாலாவதாக அர்த்தநாரி ஒத்துக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். நாலு தறி வைத்திருந்தார். மாதிரிக்கு ஒரு துண்டு நெய்து கொண்டுவந்தார். சோதித்தேன். இரண்டு வரம்புக்கும் நடுவில் அழகாக நின்றது மிதவை. மூன்று பேர் பார்த்தாயிற்று, மூக்குக்கண்ணாடி அசைந்தது. சரக்கு நெய்யச் சொல்லிவிட்டோம்.

சரக்கு வந்தது. ஒரு நாள் தொங்கவிட்டு வளையத்தில் பொருத்தினேன். சிவப்புத் தண்ணீர் கோட்டைத் தொட்டது. மிதவை கீழ் வரம்புக்கும் கீழே படுத்திருந்தது. வேறு இடம். அப்படியேதான். பத்து இடமும் அப்படியே. அடுத்த சுருளும் அப்படியே. வளையத்தின் ரப்பரைத் துடைத்தேன், குழாயில் அடைப்பா என்று பார்த்தேன், பழைய மாதிரித் துண்டை வைத்துப் பார்த்தேன். மாதிரித் துண்டுக்கு மிதவை ஒழுங்காக எழுந்தது.

வேதமூர்த்தியிடம் சொன்னேன்.

"அப்படியா? பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

"பார்த்தேன் சார்."

இன்னொருவர் பார்த்தார். பிறகு வேதமூர்த்தியும் பார்த்தார். மூன்றும் ஒன்றுதான்.

இதற்குள் இழுவைச் சோதனை முடிந்திருந்தது. கேட்டதைவிட நன்றாகவே தாங்கியது. சீனிவாசன் அதை மட்டும் கேட்டுக்கொண்டு பெங்களூரிலிருந்து ஓடிவந்தார்.

"பிரமாதம்! வெளிநாட்டுத் துணியே இப்படி வராது. எப்ப அனுப்பறீங்க?"

"அனுப்ப முடியாது சார். காத்து போகல," என்றேன்.

"கொஞ்சம் கம்மியாத்தானே போகுது? கிழியாதில்ல?"

"கிழியாது."

"அப்ப கிழியாத துணிய, கிழியலைன்னு குத்தம் சொல்லித் திருப்பி அனுப்பறதா? ஏம்மா, ஆடி மாசத்துக்குள்ள விமானம் ஓடுபாதையில இறங்கிக் காட்டணும். எஞ்சின் லேட்டுன்னு சொன்னா மேலிடத்துல கேப்பாங்க. துணி ரொம்ப நல்லாயிருந்துச்சு, அதான் லேட்டுன்னு நான் போய் எப்படிச் சொல்றது?"

வேதமூர்த்தியைப் பார்த்தார். வேதமூர்த்தி சுவரைப் பார்த்தபடி, "கையெழுத்து அவங்களோடது," என்றார்.

சீனிவாசன் போன பிறகு வேதமூர்த்தி என்னைக் கூப்பிட்டார். "உங்க நிரந்தர உத்தரவு என் மேஜையில இருக்கு. இன்னும் மேலிடத்துக்குப் போகலை. அதையும் இந்தத் துணியையும் நான் சேத்துப் பார்க்க மாட்டேன். ஆனா மேலிடத்துல சேத்துப் பார்ப்பாங்க. சொல்லிட்டேன்."

நிலைமை இதுதான். நான் கையெழுத்துப் போட்டால் ஒரு மனிதர் அந்தக் குடையை நம்பி அந்தச் சின்ன விமானத்தில் இறங்குவார். கனமான குண்டு விமானம் என்றால் குடை ஆடினாலும் கேட்காமல் ஓடும். இது இலேசு, குடை ஆடினால் வாலும் ஆடும். போடாவிட்டால், தற்காலிகப் பணி தற்காலிகமாகவே முடிந்து நான் வீட்டில் இருப்பேன். சுரங்கத்திலிருந்து இருமலோடு நின்றுவிட்ட அப்பாவும், அம்மாவும், இரண்டு தம்பிகளும் என் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

நான் போடவில்லை. முதலில் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நூல் எண்ணும் கண்ணாடியை வைத்து எண்ணினேன். நீளவாக்கில் ஓடும் பாவில் மாற்றமில்லை. குறுக்கே ஓடும் ஊடையில் மட்டும் அங்குலத்துக்கு இரண்டு இழை அதிகம். எல்லாச் சுருளிலும் ஒரே மாதிரி இரண்டு. கைதவறி வரும் பிழை இப்படி ஒழுங்காக வராது. யாரோ வேண்டுமென்றே, கவனமாகச் செய்திருக்கிறார்கள். பஸ் ஏறி ஜலகண்டாபுரம் போனேன்.

அர்த்தநாரி தறிக்குழியில் இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். அவர் மனைவி பாவாயி முறுக்குத் தட்டோடு வந்தார்.

"வாங்க அம்மணி. துணி எப்படிங்க?" என்றார் அர்த்தநாரி. முகத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரர் களை.

"மாதிரியில இருந்ததைவிட ரெண்டு ஊடை கூட இருக்குங்களே."

"கண்டுபுடிச்சிட்டீங்களா!" அவருக்கு ஒரே சந்தோஷம். "நான் சொல்லலீங்க. சொல்லிக் காட்டறது மொறையில்லைன்னு உட்டுட்டேன். நீங்களே கண்டுக்கிட்டீங்க."

"ஏனுங்க கூட்டுனீங்க?"

அவர் என்னை ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மாதிரிக்கு ஒசத்தியாக் காட்டிப்போட்டு சரக்குல இளைக்கறவன் திருட்டுப்பய. மாதிரி மாதிரியே குடுக்கறவன் கூலிக்காரன். மாதிரியை உட சரக்கு ஒசத்தியா இருக்கோணும். அதானுங்க மொற. அறுந்து வீணாப்போற கழிவுக்குன்னு கூடக் கொஞ்சம் நூலு குடுத்தீங்கல்ல, அதைக் கழிக்காம மிச்சம் புடிச்சுத் துணியிலயே சேத்துப்போட்டேன்."

முறுக்கைக் கடித்தேன். பிறகு, அந்த இரண்டு இழையால் காற்று போகவில்லை, சரக்கை எடுக்க முடியாது என்றேன்.

"காத்து போகோணுமா?" பாவாயி சிரித்துவிட்டார். "ஏற்கெனவே தெருவுல சல்லடை நெய்யறவன் ஊடுன்னு சொல்றாங்க அம்மணி. ரெண்டு இழை கூட்டுன பொறவுதான் இவரு வெளிய தலைகாட்டுனாரு."

"நீ சித்தெ உள்ள போ," என்றார் அர்த்தநாரி. என்னிடம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "நல்லா நெய்ஞ்சதுக்குத் திருப்பி அனுப்பிச்சாங்கன்னா, இந்தத் தெருவுல எவன் நம்புவான்? நொள்ளையா நெய்ஞ்சான், திரும்பி வந்திருச்சுன்னுதான் பேசுவான். நெருக்கமா நெய்ஞ்சா குடை ஆடும்னு எந்த ஊருலீங்க சொல்லுவாங்க? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

வேதமூர்த்தியின் கேள்விதான், வேறு வாயில். குழாயில் மிதவையைப் பார்த்திருந்தேன். குடை ஆடியதை நான் பார்த்ததில்லை, படித்ததுதான்.

திரும்பிவந்து வேதமூர்த்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கூடவே ஒரு யோசனையும் சொன்னேன்: மாதிரியைவிட இரண்டு இழை கூட்டித்தானே நெய்கிறார், நாம் இரண்டு இழை குறைந்த ஒரு மாதிரியைக் கொடுத்துவிட்டால்? அவர் முறைப்படி கூட்டுவார். துணி சரியாக வந்துவிடும். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது.

"அப்படியா?" என்றார். "அடுத்த வருஷம் அவர் காய்ச்சல்ல படுத்து, மாதிரியைப் பார்த்து அப்படியே நெய்யற ஆள் ஒருத்தர் தறியில உக்கார்ந்தா?"

யோசனையை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"ஆடுறதை மூணு பேரும் பார்க்கட்டும்," என்றார். "நீங்க, சீனிவாசன், அந்த நெசவாளி. எனக்கும் பார்க்கணும்."

விமானம் இல்லாமல் எப்படிப் பார்ப்பது? லாரியில்தான். குடையை மூன்றில் ஒரு பங்காகச் சிறிதாக்கி இரண்டு தைத்தோம். ஒன்று மாதிரி அளவில் நெய்த துணியில். அர்த்தநாரி வேண்டாவெறுப்பாகக் கொஞ்சம் நெய்து கொடுத்தார். இன்னொன்று திரும்பிய சரக்கில். வெட்டும் தையலும் ஒன்றே. சங்ககிரியிலிருந்து காளியப்பன் என்ற டிரைவர் தன் லாரியோடு வந்தார். லாரி காலியாக இருக்க வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். பின்பக்கம் இலேசாக இருந்தால்தான் ஆட்டம் தெரியும். காளியப்பனுக்கு அது பிடிபடவில்லை.

"ஏனுங்க டீச்சரம்மா, லோடு இல்லாம ஓட்டச் சொல்றீங்க, பின்னால துணியக் கட்டி இழுக்கச் சொல்றீங்க. இது என்ன வேண்டுதலைங்க?" என்றார். படித்த பெண் என்றால் டீச்சர்தான் அவருக்கு. நான் திருத்தவில்லை.

புதுச்சத்திரத்துக்கு இந்தப் பக்கம் நாமக்கல் சாலை நேராக, வண்டி நடமாட்டம் குறைவாக இருந்த ஒரு நீளத்தை எடுத்துக்கொண்டோம். இருபுறமும் புளியமரம். வேதமூர்த்தி டிரைவர் பக்கத்தில். அன்றைக்கு மட்டும் உட்கார்ந்துதான் ஆக வேண்டியிருந்தது. பின்னால் நானும் சீனிவாசனும் அர்த்தநாரியும். லாரியின் பின் கொக்கிக்கும் குடைக்கயிற்றுக்கும் நடுவே ஒரு பெரிய வில் தராசு. இழுவையைப் பார்ப்பது என் வேலை. அர்த்தநாரி வெள்ளை வேட்டி சட்டையில், கல்யாணத்துக்குப் போகிறவர்போல, பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் நெருக்கமாக நெய்த துணியின் குடை. லாரி வேகமெடுத்ததும் சீனிவாசன் பையை அவிழ்த்துவிட்டார். குடை 'டப்'பென்று விரிந்தது. தராசு முள் ஒரே தாவாகத் தாவியது. லாரி யாரோ கழுத்தைப் பிடித்தாற்போல ஒருகணம் தயங்கியது. "பாத்தீங்களா, எப்படிப் புடிக்குது!" என்று அர்த்தநாரி கத்தினார். அவர் வாய் மூடுவதற்குள் குடை இடப்பக்கம் போனது. இடப்பக்கப் புளியங்கிளையை உரசிவிட்டு வலப்பக்கம் போனது. அங்கிருந்த மரத்தையும் விடவில்லை. ஒவ்வொரு போக்குக்கும் லாரியின் பின்பாகம் கூடவே நகர்ந்தது. வலப்பக்கச் சக்கரம் தார்ச்சாலையை விட்டு இறங்கி மண்ணில் ஓடியது. சீனிவாசன் உட்கார்ந்துவிட்டார். அர்த்தநாரி பலகையைக் கட்டிக்கொண்டார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கச் சொல்லித்தானே ஏற்றியிருந்தார்கள்.

லாரி நின்றதும் காளியப்பன் குதித்து வந்தார். "ஏனுங்க, பின்னால எவனோ சண்டி மாட்டைக் கட்டி உட்டுட்டானாட்ட இருக்குதுங்க! இன்னும் ரெண்டு ஆட்டு ஆட்டியிருந்தா வண்டி கிணத்துலதானுங்க!" சாலையோரத்தில் நிஜமாகவே ஒரு கிணறு இருந்தது.

இரண்டாவது குடையைக் கட்டினோம். காளியப்பன் டயரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறினார். பை அவிழ்ந்தது. குடை கொஞ்சம் சோம்பலாக விரிந்தது. முள் மெல்ல ஏறி நின்றது. குடை லாரிக்கு நேர் பின்னால், சாலையின் நடுவில், இழுத்த இழுப்புக்கு வந்தது. கொஞ்ச தூரம் போனதும் காளியப்பன் தலையை வெளியே நீட்டி, "கட்டுனீங்களா இல்லீங்களா?" என்று கேட்டார்.

வேதமூர்த்தி இறங்கிவந்து இரண்டு குடையையும் தரையில் விரிக்கச் சொன்னார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போய் மறுபடி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சீனிவாசன் என்னிடம், "கையெழுத்துப் போடாதீங்க," என்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அர்த்தநாரி மட்டும் குடைகளின் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். ஒவ்வொன்றையும் வாய்க்கு எதிரே பிடித்து ஊதிப் பார்த்தார்.

"அந்த ஏரோப்ளேன்ல எத்தனை பேருங்க இருப்பாங்க?"

"ஒருத்தர்தானுங்க."

"ஒரே ஆளா? தொணைக்குக் கிளீனரு யாரும் இல்லீங்களா?"

"இல்லீங்க. எடம் இல்லை."

"கண்ணாலம் ஆனவருங்களா?"

"தெரியலீங்க. கேட்டுச் சொல்றேன்."

ஊதிய துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "மாதிரி மாதிரியே நெய்ஞ்சு தாரேன். ஆனா ஒண்ணுங்க. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் நெய்வேன். யாரும் வந்து பாக்கப்படாது."

அப்படியே நெய்தார். தெருவில் கேட்டவர்களுக்குக் கொசுவலை ஆர்டர் என்று பாவாயி சொல்லிவிட்டாராம். அந்தச் சரக்கைக் கொண்டுவந்து இறக்கியபோது அர்த்தநாரியின் முகம் சாவு வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. "இதுல நான் ஒண்ணுமே சேக்கலீங்க அம்மணி," என்றார். மிதவை மாதிரித் துண்டுக்கு நின்ற இடத்திலேயே நின்றது. பத்து இடமும். கையெழுத்துப் போட்டேன்.

விமானம் இறங்குவதைப் பார்க்க என்னையும் பெங்களூருக்கு அழைத்திருந்தார்கள். தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் நானும் வேதமூர்த்தியும் நின்றோம். அவ்வளவு பேர் அவ்வளவு வருஷம் வேலை செய்த விமானம் எங்கள் ஊர் டவுன் பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் நீளமாக இருந்தது. சத்தம் மட்டும் ஊருக்கே போதும். அது இறங்கியது, சக்கரத்தடியில் புகை எழுந்தது, வாலிலிருந்து ஒரு வெள்ளைப் பொட்டலம் விழுந்து விரிந்தது. என் கைக்குள் ஜெபமாலை இருந்தது. எந்த மணியில் நின்றேன் என்று நினைவில்லை. குடை விமானத்துக்கு நேர் பின்னால் ஓடுபாதையின் நடுக்கோட்டின் மேலேயே வந்தது. விமானம் வேகம் குறைந்து, பாதைக்கு இன்னும் மிச்சம் இருக்கும்போதே நின்றது.

விமானி இறங்கிவந்து தண்ணீர் கேட்டார். எஞ்சினைப் பற்றி நிறையக் குறை சொன்னார். சீனிவாசன் பொறுக்கமாட்டாமல், "குடை எப்படி சார்?" என்று கேட்டார்.

"குடையா? அது பாட்டுக்கு இருந்துச்சு."

அந்த விமானத்தைப் பற்றிப் பிற்பாடு பலரும் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். எஞ்சின் பலம் போதாது என்றார்கள், காலம் அதிகமாகிவிட்டது என்றார்கள். அதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயமல்ல. வால் குடையைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. எங்கள் வேலையில் அதற்கு மேல் ஒரு நற்சான்று கிடையாது. என் நிரந்தர உத்தரவு அந்த வருஷமே வந்தது. வேதமூர்த்தி அதை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

விமானிக்குக் கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள் என்று விசாரித்து அர்த்தநாரியிடம் சொன்னேன். "அப்புடிங்களா," என்று தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

அடுத்து பெரிய ஆர்டர் வந்தது. நாலு தறியும் ஓடி, முதல் தவணைச் சரக்கு வண்டியில் வந்து இறங்கியது. நான் கண்ணாடியை வைத்து எண்ணினேன். ஊடை சரியாக இருந்தது; ஒரு இழை கூட இல்லை, குறைவும் இல்லை. காற்றும் சரி. இழுவையும் சரி. கடைசியாக நீளம் அளந்தோம். முதல் சுருள் பில்லில் இருந்ததைவிட ஒரு முழம் அதிகம். அளந்தவர் தப்பாக அளந்துவிட்டார் என்று நினைத்து நானே அளந்தேன். ஒரு முழம். அடுத்த சுருளும் ஒரு முழம். எல்லாச் சுருளிலும் பில்லுக்கு மேல் ஒரே ஒரு முழம்.

அர்த்தநாரி வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க இது?"

"கழிவு நூலுங்க."

"பில்லுல போடலியே?"

"பில்லுல போட்டா அப்புறம் அது என்ன ஒசத்திங்க?"

வேதமூர்த்தி வந்து சுருளைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார். "நீளத்துக்கு என்ன வரம்பு?" என்று என்னைக் கேட்டார்.

விதிகளைப் பிரித்துக் காட்டினேன். நீளம் குறையக் கூடாது என்று இருந்தது. அதிகமாக இருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

"அப்படியா?" என்றார்.

சரக்கை உள்ளே எடுக்கச் சொன்னேன்.